ஐஸ் நேரம்

ஹாலோவே ஊரின் சிறுவர் ஐஸ் ஹாக்கி சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் யார் வாயைத் திறந்து குறை சொல்கிறாரோ, அந்த வேலையை அங்கேயே அவர் தலையில் கட்டிவிடுவார்கள். கான்டீனில் உருளைக்கிழங்கு வறுவல் சொதசொதவென்று இருக்கிறது என்று சொன்ன பல் டாக்டர், இரண்டு குளிர்காலம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று வெந்தார். ஜெர்சி சரியாகத் துவைப்பதில்லை என்று முனகிய ஒரு பெண்மணியின் வீட்டு வாசலில் இன்றைக்கும் வியர்வை நாறும் மூட்டைகள் வந்து விழுகின்றன. சம்பளம் கிடையாது, நன்றி கிடையாது, பதவிப் பெயர் மட்டும் நீளமாக இருக்கும். அதனால் கூட்டத்துக்கு வருகிறவர்கள் மேசையிலிருக்கும் இனிப்புக் கட்டிகளை வாயில் அடைத்துக்கொண்டு, எல்லாப் பதவியும் நிரம்பும்வரை கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் வெளியே போய்க் காரில் சாய்ந்துகொண்டு ஆசை தீரத் திட்டுவார்கள்.

நதீன் ஷெவ்சுக் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு இது தெரியாமல் இல்லை. கூட்டுறவுக் கடையில் கல்லாவில் நிற்கிறவள், ஊர்ப் பேச்சு முழுவதும் அவள் காது வழியாகத்தான் போகும். கிளம்பும்போது கணவன் டேரில்கூடச் சொல்லித்தான் அனுப்பினான்.

“வாய மூடிக்கிட்டு உக்காரு. உன் வாய்க்கு ஒரு பூட்டு இருந்தா இப்பவே வாங்கித் தருவேன்.”

“எனக்குப் பூட்டு வேணாம். அந்த வெர்ன் வாய்க்குத்தான் வேணும்” என்றாள் நதீன்.

வெர்ன் ஹால்வர்சன் என்ற பெயரைச் சொன்னாலே அவளுக்கு வயிறு எரியும். ஊரில் இருப்பது ஒரே ஒரு ஐஸ் அரங்கம். எந்த அணி எந்தக் கிழமை எத்தனை மணிக்கு ஆடிப் பழகலாம் என்று பிரித்துக் கொடுப்பதுதான் வெர்னின் வேலை. பல வருஷமாக அவர் கையில்தான் அரங்கத்தின் சாவிக் கொத்து இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் ஆடத் தோதான சாயங்கால ஆறு மணிக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். அந்த ஆறு மணி, செவ்வாயும் வியாழனும், வெர்னின் பேரன் ஆடும் பெரிய பையன்கள் அணிக்கு. நதீனின் மகள் ஜோலின் ஆடும் பெண்கள் அணிக்கோ சனிக்கிழமை விடியற்காலை ஆறு மணி. ஜனவரியில் வெளியே மைனஸ் முப்பத்தைந்து. இரவெல்லாம் காரின் இன்ஜினுக்குக் கரண்ட் கொடுத்துச் சூடேற்றி வைக்காவிட்டால் வண்டி இருமக்கூடச் செய்யாது. போன குளிர்காலத்தில் மட்டும் மூன்று பெண்கள் ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். பத்துப் பேருக்குக் கீழே போனால் அணியைக் கலைத்துவிடுவார்கள். இப்போது சரியாகப் பத்துப் பேர்தான் மிச்சம். இன்னும் ஒருத்தி விலகினால் கதை முடிந்தது.

கூட்டத்தில் தலைவி ட்ரூடி பதவிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடிகாரம் பார்க்க ஒருவர், உடை மாற்றும் அறையில் காவலுக்கு ஒருவர், கான்டீனுக்கு ஒருவர். ஒவ்வொரு பெயரும் பல் பிடுங்குவதுபோல் வந்தது.

“அடுத்தது ஐஸ் நேரம். வெர்ன், வழக்கம்போல நீங்கதானே?”

வெர்ன் எழுந்தார். வருஷா வருஷம் நடக்கும் நாடகம் தொடங்கியது. சாவிக் கொத்தை எடுத்து மேசையில் சலங்கென்று போட்டார்.

“யாருக்கு வேணுமோ எடுத்துக்கலாம். எனக்கு ஒண்ணும் ஆசையில்ல. சாப்பிட உக்காந்தா போன், படுத்தா போன். யாருப்பா வர்றீங்க?”

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். வெர்ன் கொஞ்ச நேரம் அந்த மௌனத்தைச் சுவைத்துவிட்டு, சாவியை எடுக்கக் கையை நீட்டினார்.

“பொண்ணுங்களுக்கு மட்டும் ஏன் சனிக்கிழமை விடியக்காலைல?” என்றாள் நதீன்.

அறையில் மெல்லுவது நின்றது.

“ஐஸ் ஒண்ணுதாம்மா இருக்கு” என்றார் வெர்ன். “உன் சமையல்கட்டுல ஒண்ணு வச்சிருந்தா சொல்லு.”

“ஒண்ணுதான் இருக்குன்னா, உங்க பேரனுக்கு மட்டும் வாரத்துல ரெண்டு சாயங்காலம் எப்படி வருது?”

“பையனுங்க ஜெயிக்கறாங்க. உங்க பொண்ணுங்க ஐஸ்ல உக்காந்து எந்திரிக்கறாங்க.”

“தூக்கத்துல ஆடினா அப்படித்தான் இருக்கும்!”

“அவ்வளவு தெரிஞ்சா நீயே பாரேன்.”

“பாக்குறேன். குடுங்க சாவிய.”

வெர்ன் சிரித்தார். பிறகுதான் அவள் நின்றபடியே இருப்பதைக் கவனித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அந்தச் சாவியைக் கேட்டதில்லை. கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அவர் அதை மேசையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

“யாராவது வழிமொழியணும்” என்று ட்ரூடி பயந்த குரலில் சொன்னாள். ஒரு கைகூட எழவில்லை. வெர்னின் பகையை யார் வாங்குவார்கள்? அடுத்த வருஷம் அவர்கள் பிள்ளைக்குத்தான் விடியற்காலை கிடைக்கும்.

“நான் வழிமொழியறேன்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வெர்னின் மனைவி கரோல்.

“கரோல்!”

“என்ன கரோல்? கிறிஸ்மஸ் அன்னிக்கு வான்கோழியில கத்திய வச்ச, போன் வந்துச்சு, எழுந்து போன. கத்தி அதுலயே நின்னுச்சு. பிள்ளைங்க எல்லாம் ஆறிப்போனதத் தின்னுட்டுக் கிளம்பிடுச்சுங்க. குடுத்துத் தொலை.”

அறை குலுங்கிச் சிரித்தது. வெர்னின் கழுத்துவரை சிவப்பு ஏறியது. சாவிக் கொத்தை விரலால் தள்ளிவிட்டார், எச்சில் தட்டைத் தள்ளுகிறமாதிரி.

வெளியே கார்கள் நின்ற இடத்தில் அவர் நதீனை மறித்தார். “செவ்வாய், வியாழன் மேல கை வைக்காத. சொல்லிட்டேன்.”

“முதல்ல அதுலதான் கை வைப்பேன்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டு, மெதுவாகத் தலையாட்டினார். “வை, வை. நல்லா வை.”

அந்தத் தலையாட்டல் நதீனுக்கு எரிச்சலைக் கிளப்பியது. தோற்ற மனிதன் இப்படித் தலையாட்டக் கூடாது.

செப்டம்பரில் புதிய ஒதுக்கீட்டை அரங்கத்தின் பலகையில் ஒட்டினாள். பெண்கள் அணிக்குச் செவ்வாய் சாயங்காலம் ஆறு மணி. பெரிய பையன்களுக்குச் சனிக்கிழமை விடியற்காலை. வியாழனை மட்டும் அவர்களுக்கே விட்டுவைத்தாள். அதுவே பெரிய தர்மம் என்று அவள் நினைத்தாள். ஊர் அப்படி நினைக்கவில்லை.

போன் அடிக்க ஆரம்பித்தது. ஒரு தகப்பன், தன் மகன் தேசிய அளவில் ஆட வேண்டியவன், அவன் எதிர்காலமே இந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் இருக்கிறது என்றான். ஒரு தாய் அழுதாள். அழுது முடித்ததும் கெட்ட வார்த்தையில் திட்டினாள். கடையில் நதீன் நிற்கும் கல்லா காலியாக இருக்கும், பக்கத்துக் கல்லாவில் பால் வாங்க வந்தவர்கள்கூட வரிசை கட்டி நிற்பார்கள். டேரிலிடம் அவன் வேலை பார்க்கும் சுரங்கத்தில் யாரும் பேசுவதில்லையாம். “நான் சொன்னேன்ல” என்று அவன் சாப்பிடும்போதெல்லாம் சொன்னான். நதீன் எதற்கும் அசையவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்கூட இருந்தது. நீங்கள் இத்தனை நாள் எங்களுக்குச் செய்தது இதுதான், அனுபவியுங்கள்.

ஜோலினுக்குத் தலைகால் புரியவில்லை. “எங்க அம்மாதான் வாங்கிக் குடுத்தாங்க” என்று பள்ளி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். விலகிய மூன்று பேரில் இருவர் திரும்பி வந்தார்கள். மகள் தன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டு நதீன் அதுவரை பார்த்ததில்லை. அதற்காக இன்னும் பத்து வெர்ன்களோடு மோதலாம் என்று தோன்றியது.

ஒரே ஒருத்தி மட்டும் வாயே திறக்கவில்லை. பெண்கள் அணியின் பயிற்சியாளர் பிரிஜிட் காம்போ. கல்லூரியில் பெயர் வாங்கிய ஆட்டக்காரி, முப்பது தாண்டியவள், தனியாக இருப்பவள். அவளும் சம்பளம் இல்லாமல்தான் சொல்லிக்கொடுத்தாள். பெண்கள் அவளுக்காக உயிரை விடுவார்கள். நதீன் அனுப்பிய செய்திக்கு அவளிடமிருந்து பதிலே இல்லை.

முதல் செவ்வாய்க்கு நான்கு நாள் இருக்கும்போது பிரிஜிட் கடைக்கு வந்தாள். வெறும் ஒரு சூயிங்கம் வாங்கிக்கொண்டு, யாருமில்லாத நதீனின் கல்லா முன்னால் நின்றாள்.

“செவ்வாய்க்கிழமை என்னால வர முடியாது, நதீன்.”

“இந்த வாரமா?”

“எந்த வாரமும். வியாழனும் முடியாது.”

நதீனுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “ஏன், வெர்ன் உன்ன மெரட்டினாரா?”

பிரிஜிட் சூயிங்கத்தின் தாளை உரித்தாள், மறுபடி சுற்றினாள். “பக்கத்து ஊர் சர்ச்சுக்குக் கீழ, அந்த ரெண்டு சாயங்காலமும் ஒரு கூட்டம் நடக்கும். குடிய விட்டவங்க கூட்டம்.”

நதீன் சூயிங்கத்துக்கான மீதிச் சில்லறையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ரெண்டு குளிர்காலத்துக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமை, வெர்ன் ஐஸ் போட வந்தப்ப நான் உடை மாத்துற ரூம் பெஞ்சுல கிடந்தேன். பிள்ளைங்க வர்ற நேரம். என்னைத் தூக்கி அவர் டிரக்குல போட்டுப் பூட்டிட்டு, அவரே ஸ்கேட்ட மாட்டிக்கிட்டுப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தார். எனக்குக் காய்ச்சல்னு சொன்னார். அப்புறம் வந்து, ‘ஒரு கூட்டத்துக்கு நீ போகலன்னு தெரிஞ்சாலும் ஊர் பூராச் சொல்லிடுவேன்’னார். அவர் சொல்லுவார்ங்க. அந்த பயத்துலதான் போக ஆரம்பிச்சேன்.”

“என் பொண்ணு உன் கையிலதான இருந்தா!” என்று நதீன் பல்லைக் கடித்தாள். “குடிச்சிட்டு அவள ஐஸ்ல எறக்கினியா?”

“அன்னிக்கு மட்டும்தான் குடிச்சிட்டு வந்தேன். எறக்கறதுக்குள்ள வெர்ன் வந்துட்டார். அதுக்கப்புறம் ஒரு சொட்டு இல்ல. கூட்டத்துக்குப் போகலன்னா மறுபடி விழுந்துடுவேன், அது எனக்கு நல்லாத் தெரியும். வேற யாரையாவது பாத்துக்கங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டுச் சில்லறையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். நதீனுக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது, கூப்பிட்டுக் கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கல்லாவையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

வேறு யாரையாவது பார்க்கத்தான் பார்த்தாள். பயிற்சிச் சான்று உள்ள ஒருவர் ஐஸில் நின்றால்தான் பிள்ளைகளை இறக்கலாம், அது விதி. பெண்களுக்கு அநியாயம் என்று ஊரெல்லாம் முழங்கிய தகப்பன்மார்களை வரிசையாகக் கூப்பிட்டாள். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு அறுவடை. ஒருவர், “நீதானே கேட்ட, நீயே சொல்லிக்குடு” என்றார். நதீனுக்கு ஐஸில் நிற்கவே தெரியாது. மற்றச் சாயங்காலங்களைப் புரட்டிப் பார்த்தாள். திங்கள், ஐஸ் நடனக்காரர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கியது. புதன், பால் பல் விழாத பொடிசுகளுக்கு. வெள்ளியிலிருந்து ஞாயிறுவரை போட்டிகள், காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடும். மிச்சம் இருப்பது சனிக்கிழமை விடியற்காலை ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் அரங்கத்துக்குப் போனாள். வெர்ன் ஐஸைத் தேய்க்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலையை மட்டும் அவர் விடவில்லை. இறங்கும்வரை காத்திருந்தாள்.

“பிரிஜிட் விஷயம் தெரிஞ்சேதான என்ன மாத்த விட்டீங்க?”

வெர்ன் கையுறையைக் கழற்றினார். “வந்து சொல்லிட்டாளா? தெரிஞ்சேதான்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“எங்க சொல்லணும்? ஊரே உக்காந்திருந்த கூட்டத்துலயா? இல்ல கார் பக்கத்துல, காறித் துப்பாத குறையா நின்னியே, அங்கயா? உன் வாய் கல்லாப்பெட்டி மாதிரி, தட்டினா திறந்துக்கும். உங்கிட்ட யாரு சொல்லுவா?”

“அதுக்கு முன்னாடி? அவ குடிக்கறது தெரியறதுக்கு முன்னாடியும் பொண்ணுங்களுக்கு விடியக்காலதான? அது எதுக்கு?”

“அதுக்கு முன்னாடி என் இஷ்டம்.”

“உங்க பேரனுக்காக.”

“என் பேரனுக்காகத்தான். நான் என்ன சாமியாரா?”

நதீனால் அவரை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. நல்லவராக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருப்பாள். மனிதர் நல்லவரும் இல்லை, ஆனால் ஒரு பெண்ணை மண்ணிலிருந்து தூக்கி நிறுத்தியிருக்கிறார், அதை வைத்தே தன் பேரனுக்கும் வழி பண்ணிக்கொண்டிருக்கிறார். என்ன சொல்லித் திட்டுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

“இப்ப என்ன பண்ணப் போற?” என்றார் வெர்ன். அவர் குரலில் உண்மையிலேயே ஆவல் இருந்தது.

“அது உங்களுக்கு எதுக்கு?”

ஞாயிற்றுக்கிழமை, போட்டி முடிந்து கூட்டம் கலையாத நேரத்தில், நதீன் பலகையிலிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டினாள். பெரிய பையன்களுக்குச் செவ்வாய் திரும்பிவிட்டது. பெண்களுக்கு மறுபடியும் சனிக்கிழமை விடியற்காலை.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு பிடித்துக்கொண்டார்கள்.

“என்ன நதீன், பயந்துட்டியா?”

“பயமா? பேரம் பேசிட்டா. வெர்ன் என்ன குடுத்தாராம்?”

“எங்களத் தூண்டிவிட்டு, நடுவுல அம்போன்னு விட்டுட்டியே! அந்தாள் அநியாயக்காரன்னு தெரியும். நீ அவனவிட மோசம். அவனாவது மூஞ்சிக்கு நேரா செஞ்சான்.”

இதைச் சொன்னவள் நதீனின் பதினைந்து வருஷத் தோழி. போன வாரம்தான் நதீனைக் கட்டிப்பிடித்து அழுதிருந்தாள். நதீன் ஒருமுறை வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வாக்கியம். சொல்லிவிட்டால் இவர்கள் எல்லோரும் அவளை விட்டுவிட்டு நேரே பிரிஜிட் வீட்டு வாசலுக்குப் போவார்கள். குடிகாரியிடமா பிள்ளையை விட்டோம் என்பார்கள். அவளைத் துரத்துவார்கள். அவள் முதல் பாட்டிலைத் திறக்க ஒரு வாரம்கூட ஆகாது.

“முடிவு என்னோடது” என்றாள். “காரணம் கேக்காதீங்க.”

கூட்டத்துக்குப் பின்னால், கான்டீன் சுவரில் சாய்ந்து, வெர்ன் காபி குடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவே இல்லை.

காரில் ஜோலின் பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். எப்போதும் முன்னால் உட்காருகிறவள்.

“ஒரு காரணம் சொல்லும்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் ஸ்கூல்ல அதையாவது சொல்லிக்கறேன்.”

நதீன் கண்ணாடியில் மகளைப் பார்த்தாள். பதின்மூன்று வயது. ஒருத்தியிடம் மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்வாள். அந்த ஒருத்தி இன்னொருத்தியிடம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் அறிந்துவிடும்.

“காரணம் எதுவும் இல்ல.”

“அப்ப நானும் இல்ல” என்றாள் ஜோலின். “நான் இனிமே ஆடல. உன் ஐஸ நீயே வச்சுக்கோ.”

நதீன் கெஞ்சினாள். மிரட்டினாள். வீட்டுக்குப் போனதும் டேரிலை விட்டுப் பேசச் சொன்னாள். ஜோலின் தன் ஹாக்கி மூட்டையைக் கீழ்த்தளத்து அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். அவள் அம்மாவின் பிடிவாதம் அப்படியே வந்திருந்தது, குறை சொல்லவும் முடியாது.

சனிக்கிழமை விடியுமுன்னால் நதீன் தனியாகக் கிளம்பினாள். உடை மாற்றும் அறையில் காவலுக்குப் பெயர் கொடுத்தவள் இனி வர மாட்டேன் என்றுவிட்டாள். நதீனோடு ஒரே அறையில் இருக்க யாருக்கும் மனமில்லை. பெண்கள் ஒவ்வொருவராகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். கொண்டுவந்து விட்ட தாய்மார்கள் காரை விட்டு இறங்கவில்லை. பதினோரு பேர் வந்தார்கள். அணி பிழைத்துவிட்டது.

பிரிஜிட் கழுத்தில் விசிலோடு உள்ளே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

“ஜோலின் எங்க?”

“சளி.”

பிரிஜிட் அவள் முகத்தையே பார்த்தாள். இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே வந்தார்கள்.

“என்னாலதான. நான் சொல்லிடறேன் நதீன். இன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“சொன்னா உன்னக் கொன்னே போட்டுடுவேன்” என்றாள் நதீன். “நீ சொல்லி என் பொண்ணு திரும்பி வரப்போறதில்ல. உன்ன எனக்குப் பிடிக்கவும் இல்ல. அந்த சனிக்கிழமைய நான் மறக்கவும் மாட்டேன். என் பொண்ணக் குடுத்துட்டு இந்தப் பதினோரு பொண்ணுங்கள வாங்கியிருக்கேன். இதுல ஒண்ணு போச்சுன்னா, நீ ஒரு கூட்டத்துக்குப் போகலன்னு தெரிஞ்சா, வெர்ன் ஊர்ல சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடுவேன். போ. போய்ச் சொல்லிக்குடு.”

பிரிஜிட் தலையாட்டினாள். ஐஸ் பக்கம் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் விசில் கேட்டது, பெண்கள் சலசலவென்று வெளியே ஓடினார்கள்.

நதீன் அறைக்குள் திரும்பி வந்தாள். ஜோலின் எப்போதும் உட்காரும் மூலையில், புதிதாகத் திரும்பி வந்த பெண் தன் பையையும் கோட்டையும் பூட்ஸையும் பரப்பி வைத்திருந்தாள். நதீன் அதைத் தொடாமல், எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.